பவர் சப்ளை (பொழுதுபோக்கு பேட்டரி சார்ஜருக்கானது)

ஆர்.சி. விமானம், டிரோன் ஆகியவற்றின் லித்தியம் பாலிமர் பேட்டரிகளுக்கான சார்ஜர்களில் பல, சுவர் பிளக்கில் நேரே செருகும் வகை அல்ல. 11 முதல் 18 வோல்ட் வரை டிசி மின்சாரம் கேட்பவை. அதைத் தருவது பவர் சப்ளை.

முதலில் பார்க்க வேண்டியது வாட். 50 வாட் சார்ஜருக்கு 50 வாட் சப்ளை போதாது. ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். 12 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 60 வாட்டாவது வேண்டும். முழுதும் ஏறிய ஆறு செல் பேட்டரி 25.2 வோல்ட்டில் நிற்கும். அங்கே இந்தச் சார்ஜர் சுமார் 2 ஆம்பியர்தான் தரும், பெட்டியில் 5 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும்.

வீட்டில் கிடக்கும் லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். 18 வோல்ட் வரம்புள்ள சார்ஜருக்கு ஆகாது.

பழைய கணினியின் ஏடிஎக்ஸ் சப்ளையில் பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே ஓடும். மஞ்சள் வயரில் 12 வோல்ட் வரும்.