ஒன்பதே முக்கால் லட்சம் பேரும் ஒன்றரைக் கோடி கிலோவும்

'பிராந்தியப் பொருளாதார ஒத்துழைப்பில் பெண்களை ஒருங்கிணைத்தல்' என்றொரு சொற்றொடர் மாநாட்டு அறிக்கைகளில் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. ஆசிய-பசிபிக் நாடுகளின் 'ஏபெக்' அமைப்பு 1998 அக்டோபரில் மணிலாவில் இதற்கென்றே அமைச்சர்கள் கூட்டம் நடத்தி, 1999இல் ஒரு சட்டகத்தையும் வகுத்துக்கொண்டது. நம்ம பக்கத்துக் கருத்தரங்குகளிலும் இதே பேச்சுதான். எனக்கு இடிப்பது 'ஒருங்கிணைத்தல்' என்கிற சொல். வெளியே நிற்கிற ஒருத்தியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருகிற தோரணை அதற்குள் இருக்கிறது. அவள் எப்போது வெளியே நின்றாள்? இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் புரட்டினால், அவள் ஆரம்பத்திலிருந்தே உள்ளேதான் கிடக்கிறாள். சரக்காக, எண்ணிக்கையாக, யாரோ ஒருவருடைய மனைவியாக.

முதலில் சார்க்கைப் பார்த்துவிடலாம். 1985 டிசம்பரில் டாக்காவில் அது தொடங்கியது. 1986இலேயே பெண்கள் முன்னேற்றத்துக்கென்று ஒரு தொழில்நுட்பக் குழு வந்துவிட்டது. வணிகம் அப்போது பேச்சிலேயே கிடையாது. இந்தியச் சந்தையின் பருமனைக் கண்டு சின்ன நாடுகளுக்குப் பயம். சச்சரவில்லாத விஷயம் என்றுதான் பெண் விஷயத்தை முதலில் எடுத்துக்கொண்டார்கள் என நான் வாசிக்கிறேன். 1990 பெண் குழந்தை ஆண்டு. 1991 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பத்தாண்டு. 2002 ஜனவரியில் காத்மாண்டுவில், பெண்களையும் குழந்தைகளையும் விபச்சாரத்துக்காகக் கடத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கை. இது ஒரு வரிசை. இன்னொரு வரிசை: 1993இல் கையெழுத்தாகி 1995 டிசம்பரில் அமலுக்கு வந்த 'சாப்டா' என்கிற முன்னுரிமை வணிக ஒப்பந்தம், 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தான 'சாஃப்டா' என்கிற தடையற்ற வணிக ஒப்பந்தம். முதல் வரிசைப் பிரதிகளில் பெண் குழந்தையாக, கடத்தப்படுகிறவளாக, காப்பாற்றப்பட வேண்டியவளாக வருகிறாள். இரண்டாவது வரிசையில் அவளைக் காணோம். உழைத்து உற்பத்தி செய்கிறவளாக எங்கேயும் அவள் தலை தெரிவதில்லை. சாஃப்டாவில், சுங்கவரி வருமானம் குறைந்துபோகும் ஏழை நாடுகளுக்கு அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு ஏற்பாடு உண்டு. ஆக, நஷ்டத்தைக் கணக்கெடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. யாருடைய நஷ்டத்தை நஷ்டமென்று ஒத்துக்கொள்வது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

இனி இந்தியா-இலங்கை. தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று புதுதில்லியில் கையெழுத்தானது. 2000 மார்ச் 1இலிருந்து அமல். பெயர்தான் தடையற்றது. இரண்டு சரக்குகளில் இந்தியா கையை இறுக்கிப் பிடித்தது. ஒன்று தேயிலை: வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோவுக்குத்தான் வரிச்சலுகை. மற்றது ஆயத்த ஆடை: 80 லட்சம் உருப்படி, அதிலும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டுமென்று ஆரம்பத்தில் விதி இருந்தது. இரண்டும் சொல்லப்பட்ட சில துறைமுகங்கள் வழியாகத்தான் அப்போது உள்ளே வர முடிந்தது. இந்தக் கெடுபிடியில் ஆடைக் கோட்டா ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது.

இந்த இரண்டும் யார் கைச்சரக்கு? கொழுந்து பறிக்கிறவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்த பிறகு தையல் மெஷின்களில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து இளம்பெண்கள். (வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களையும் சேர்த்துக்கொண்டால், இலங்கையின் அந்நியச் செலாவணியைத் தாங்கிய மூன்று தூணும் பெண்ணுழைப்பாகிவிடும்.) ஒப்பந்தம் எங்கே ரொம்பக் கவனமாக எழுதப்பட்டிருக்கிறதோ, சரியாக அங்கே பெண்ணின் உழைப்பு இருக்கிறது. எத்தனை கிலோ, எந்தத் துறைமுகம், எந்த ஊர்த் துணி என்றெல்லாம் கேட்கிற பிரதி, கூலி என்ன என்று மட்டும் கேட்பதில்லை.

இதே இரண்டு அரசுகள் இதற்கு முன்னாலும் ஒரு கணக்குப் போட்டன. 1964 அக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதைக் குடியுரிமைப் பிரச்சினையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஒரு தொழிலின் உழைப்பாளர்களை இரண்டு நாடுகள் பாகம் பிரித்துக்கொண்ட பொருளாதார ஒப்பந்தமாகவும் இதை வாசிக்க வேண்டும் என்பேன். இந்தப் பிராந்தியத்தின் 'ஒத்துழைப்பு' வரலாறு 1985இல் தொடங்கவில்லை.

அதற்கும் முந்திய ஒரு சங்கதி. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு சந்து விட்டது. மணமானவர் என்றால் ஏழு வருஷம் தொடர்ந்து குடியிருந்திருந்தால் போதும். மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவிலக்கானவர் என்றால் பத்து வருஷம். விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுதான். ஆனாலும் புருஷனைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளி அதே மலையில் அதே கூடையோடு இன்னும் மூன்று வருஷக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் அவள் உழைப்புக்கு மதிப்பில்லை, தாலிக்கு மூன்று வருஷ மதிப்பு உண்டு. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை வரலாம் என்று இலங்கை ஒத்துக்கொண்டது 2003இல்தான்.

கோத்தகிரிப் பக்கம் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் குமரியாக வந்தவர். "எங்கப்பா பேர்லதான் எல்லாப் பேப்பரும். அதுல நாங்க அஞ்சு உருப்படி. அக்காவுக்கு மட்டும் அங்கியே கல்யாணம் ஆயிருச்சா, மாமாவோட அட்டன்ல நின்னுட்டா. யாரு எங்கள கேட்டா தம்பி?" என்றார். 'உருப்படி' அவருடைய சொல். ஆடைக் கோட்டாவை எழுதும்போது எனக்கும் அதுதான் வந்து விழுந்தது.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. பின்னாளில் 'டான்டீ' ஆனது அதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் நீலகிரியில் பச்சைத்தேயிலை விலை விழுந்தது. சோவியத் சந்தை போனது இதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் கண்ணில் பட்ட எதிரி சிலோன் தேயிலை. "வரக்கூடாதுன்னு ஊர்வலம் போனாங்க. நானுந்தான் போனேன். கூலி போயிரும்னு சொன்னாங்களே" என்றார் அந்த அம்மா. அக்கா பறித்த கொழுந்துக்கு எதிராகத் தங்கை கோஷம் போட்டிருக்கிறாள். 1964இன் கணக்கும் 1998இன் கணக்கும் ஒரே குடும்பத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. ஒன்றரைக் கோடி கிலோ என்கிற வரம்பு காப்பாற்ற வந்தது 'உள்நாட்டுத் தொழில்' எனப்படுவதை. விலையைக் காப்பாற்றினால் கூலி தானே வந்து சேரும் என்பது அதனுடைய நம்பிக்கை. தோட்டத்து அனுபவம் அப்படியில்லை. இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஏலத்தில் விலை ஏறினாலும் தராசு அதேதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி அங்கே 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. எந்த இரு அரசுகளும் பேசி அது வரவில்லை.

அப்படியானால் வணிக ஒப்பந்தங்களில் பெண்களுக்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? 2017 டிசம்பரில் புவனோஸ் அயர்ஸில் உலக வணிக அமைப்பின் கூட்டத்தையொட்டிப் பெண்களும் வணிகமும் குறித்த பிரகடனம் வந்தபோது இந்தியா அதில் சேரவில்லை. பாலினம் வணிக விவகாரமல்ல என்பது அதன் வாதம். நம் தோழர்களிலேயே இதை ஆதரிப்பவர்கள் உண்டு. தொழிலாளர் நலன், பெண்ணுரிமை என்று சொல்லிப் பணக்கார நாடுகள் நம்ம சரக்கைத் தடுத்து நிறுத்திவிடும் என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பணக்கார நாடு எதுவும் இல்லாத ஒரு ஒப்பந்தத்தில், சட்டை எந்த ஊர்த் துணியில் தைத்தது என்று கேட்க இந்தியாவுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. துணியின் பிறப்பிடத்தை நிபந்தனையாக்க முடிகிறபோது, தைத்தவளின் கூலியைப் பற்றிக் கேட்பது மட்டும் எப்படி வணிகத்துக்கு வெளியே போய்விடுகிறது?

2016இல் தொடங்கி, நின்று, 2023இல் மறுபடி கையிலெடுத்த 'எட்கா' ஒப்பந்தப் பேச்சில் சேவைகளும் முதலீடும் சேர்த்துப் பேசப்படுகின்றன. நம்ம பெண்கள் அமைப்புகள் அதில் ஒரு நாற்காலி கேட்பதோடு நிற்காமல் ஒரு கணக்கையும் கேட்க வேண்டும்: சலுகை வரியில் இறங்குகிற ஒவ்வொரு கிலோவிலும் பறித்தவளுக்கு எவ்வளவு, ஹட்டனில் எவ்வளவு, கோத்தகிரியில் எவ்வளவு. இரண்டு மலையின் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட அரசுகளின் அனுமதி தேவையில்லை. கப்பல் கட்டணம்தான் தேவை.