எலும்பு முறிவும் தோட்டத் தொழிலாளரும்

சப்பிரகமுவாவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இறப்பரும் தேயிலையும் மலைச்சரிவுகளிலேயே பெரிதும் பயிராகின்றன. மழைக்காலத்தில் அச்சரிவுகளில் கால் வழுக்கினால் எலும்பு முறிதல் எளிது. நாட்கூலியால் வாழும் குடும்பத்திற்கோ அது பிழைப்பின் முறிவுமாகும்.

எலும்பு முறிவைக் குணப்படுத்துவதற்கெனச் சிங்கள மருத்துவத்தில் ‘கெடும் பிந்தும்’ என்னும் தனி மரபு உண்டு. முறிந்த பகுதியை அசையாது நிறுத்துவதே அதன் அடிப்படை. 1852இல் ஒல்லாந்த இராணுவ மருத்துவர் மதைசன் அறிமுகப்படுத்திய பாரிசுச் சாந்துக் கட்டும் அதனையே செய்தது. எலும்பு தானே வளர்ந்து கூடவேண்டியிருந்தது.

பெரும் இழப்பு நேர்ந்தவிடத்து எலும்பு தானே கூடுவதில்லை. அங்கே இன்றைய ஆய்வாளர் நாடுவது நீர்க்களியை. 1960இல் செக்கொசுலோவாக்கிய அறிஞர் விக்தெர்லேயும் லிம்மும் நீரை ஈர்த்துத் தாங்கும் செயற்கைக் களியை உலகறியச் செய்தனர். முதலிற் கண்வில்லைக்குப் பயன்பட்ட அவ்வகைப் பொருள், பின்னர் எலும்பாய்விலும் இடம்பெற்றது. கட்டிடத்திற்குச் சாரம் கட்டுவதுபோல, உயிரணுக்கள் பற்றிப் படர அது இடமளிக்கிறது. புதிய எலும்பு உருவாக, மெல்லக் கரைகிறது. இத்துறையிற் பெரும்பகுதி இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

ஆயினும் பழைய கட்டுக்கும் புதிய களிக்கும் காலம் வேண்டும். அக்காலத்தில் அடுப்பெரிவது எவ்வாறு? 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சையைக் கருதியது. வேலையால் நேரும் காயத்திற்கு ஈடு செய்யும் கடமையை 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே வகுத்தது. எலும்பு கூடும்வரை குடும்பத்தைத் தாங்கும் சாரம் அதுவே. அது தளர்ந்தால், மருத்துவம் எவ்வளவு வளர்ந்தும் தொழிலாளி முழுதும் எழுந்து நிற்றல் அரிது.