துருவும் காவலும்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு கூறிய செய்தி புறநானூற்றின் 95ஆம் பாடலில் உள்ளது. தொண்டைமானின் கருவிகள் நெய் பூசப்பெற்று, மாலை சூடிப் பொலிந்தன. அதியமானுடையவையோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. பளபளக்கும் ஆயுதம் போர் காணாத ஆயுதம் என்று நாம் மாணவர்க்கு விளக்குகிறோம். இருபதாம் நூற்றாண்டில் மலாயாவின் ஈரக்காடு இவ்விளக்கத்திற்கு ஒரு திருத்தம் எழுதியது.

1948 ஜூன் மாதத்தில் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அடர்ந்த காட்டில் எதிரி தென்படுவது சில கெச தூரத்தில், சில நொடிப்பொழுதே. முப்பது கெசத்திற்குள் இலக்கைத் தாக்குவதில் சிதறுகுண்டுத் துப்பாக்கியே சிறந்தது என்று பிரிட்டிஷார் ஆய்ந்து கண்டனர். அவர்கள் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற ‘ஆட்டோ-5’ என்னும் அரைத் தானியங்கித் துப்பாக்கியாகும்.

சுட்டவுடன் அதன் குழலும் அடைப்பும் ஒன்றாகப் பின்னோக்கி நகரும். சுருள்வில் குழலை முன்தள்ள, வெற்றுத் தோட்டா வெளியே விழும். பின்னர் அடைப்பு முன்வந்து புதிய தோட்டாவை உள்ளே சேர்க்கும். இவ்வியக்கத்தின் வேகத்தை அடக்குபவை தோட்டாக் குழாயைச் சுற்றியமைந்த உராய்வு வளையங்கள். அக்குழாயில் துருவோ அழுக்கோ படிந்தால் குழல் முழுதும் நகராது; வெற்றுத் தோட்டா சிக்கிக்கொள்ளும். எண்ணெய் மிகுந்தாலோ உராய்வு குறைந்து, பகுதிகள் ஒன்றோடொன்று மோதித் தேயும். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் உடலுக்கு உரைத்த அளவுநெறி இவ்விரும்புக்கும் பொருந்துவதைக் காண்க.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். கையின் வியர்வை உப்பே இரும்பை அரிக்கப் போதும். அக்காலத் தோட்டாக்களின் காகித உறையும் ஈரத்தில் ஊதிக் குழலுள் நுழைய மறுக்கும். நெகிழி உறை பரவியது 1960க்குப் பின்னரே. ஆகவே, சுடாத துப்பாக்கியும் நாள்தோறும் துடைக்கப்பட வேண்டியதாயிற்று.

துடைக்கும் முறை எளிது; ஒழுங்கே அதன் உயிர். முதலில் தோட்டா எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் முன்மூடியைத் திருகி, முன்கட்டையையும் குழலையும் கழற்றி, வெடிமருந்துக் கரியைத் தூரிகையால் நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, மென்மையாக எண்ணெய் பூசுதல் வேண்டும். இறுதியாக, தோட்டாவின் வலிமைக்கேற்ற வரிசையில் வளையங்களைப் பொருத்த வேண்டும். பால்வெட்டுக் கத்தியையும் சுத்தியலையும் கழுவி ஆயுதபூசை செய்த நம் தோட்டத்துத் தமிழருக்கு இவ்வொழுக்கம் புதிதன்று.

எனினும், துருவைத் துடைப்பது மட்டுமே பராமரிப்பாகாது. துப்பாக்கி யார் கையில் உள்ளது என்பதும் அன்று உயிர்வினாவாக இருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கிராமத்து ஊர்க்காவலர் கையில் காவலாக இருந்த கருவி, உரிமமற்றவர் கையில் தூக்குக் கயிறாயிற்று. அவசரகாலம் முடிந்த பின்னரும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

எனவே எண்ணெயும் துணியும் ஒரு பாதிக் கடமை. பூட்டும் கணக்கும் மறுபாதி. இரண்டில் ஒன்று தவறினும், முதலில் கேடுறுபவன் அதனை வைத்திருப்பவனே. ஔவையார் மின்னும் வேலைக் கண்டு நகைத்தது உண்மைதான். ஆனால் அவர் தூது சென்றது போரைத் தவிர்ப்பதற்கே என்பதையும் மாணவர்க்கு நாம் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.