இரண்டு சீட்டுகள்

எகிப்தின் ஃபயூம் பிரதேசத்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டு 1893-ல் அச்சில் வந்தது. கி.பி. 250 ஜூன் மாதத்து மனு அது. அவுரேலியஸ் டயோஜினிஸ், வயது 72, வலப் புருவத்தில் தழும்பு உள்ளவர். தேவதைகளுக்கு எப்போதும் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அதிகாரிகள் கண்ணெதிரிலேயே பலியிட்டு, மது வார்த்து, படையலை ருசி பார்த்ததாகவும் எழுதிக் கொடுத்து, அதற்கு அத்தாட்சி வாங்கியிருக்கிறார். இந்த மாதிரிச் சீட்டுகள் பிறகு நாற்பதுக்கு மேல் கிடைத்துவிட்டன. கிழவர் கிறிஸ்தவரா என்பது தெரியாது. டீசியஸ் சக்கரவர்த்தியின் உத்தரவு கிறிஸ்தவர்களுக்கு மட்டுமானதல்ல. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் இதே சீட்டை வாங்கி வைத்திருந்தாள்.

மன்னிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்து சீட்டில் ஆரம்பிக்கிறேன். கிறிஸ்தவ மன்னிப்பு மனிதனின் மனசுக்கும் கடவுளுக்கும் இடையிலுள்ள சமாசாரம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் மன்னிக்கப்பட வேண்டியதை லூக்கா பாவம் என்கிறார், மத்தேயு கடன் என்கிறார். கடன் என்றால் அதைத் தள்ளிவிடும் உரிமை கொடுத்தவனுக்குத்தான். சபையைக் கைவிட்டு ஓடியவனுடைய கடன் யாருக்குச் சேர வேண்டியது? கார்த்தேஜ் நகரத்தில் 250-லும் 251-லும் இந்தக் கேள்விக்காக ரகளையே நடந்தது.

பலி கொடுக்க அங்கே கூட்டம் முண்டியடித்திருக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் சிலர் போகவில்லையாம். வசதியுள்ளவர்கள் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பட்டினியிலும் சித்திரவதையிலும் சிலர் செத்தார்கள். பயம் சற்றுத் தணிந்ததும், விழுந்தவர்கள் சிறை வாசலில் போய் நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் இவர்களுக்குச் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். லூசியானஸ் என்பவர், செத்துப்போன ஒரு சாட்சியின் பெயரால், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இன்னாரையும் இன்னாரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளவும் என்கிற மாதிரி, எத்தனை பேர் என்ற கணக்குகூட இல்லாத சீட்டுகள். பலியிட்டதற்கான அத்தாட்சிக்கும் மன்னித்ததற்கான அத்தாட்சிக்கும் லத்தீனில் ஒரே பெயர்: லிபெல்லஸ்.

ஆயர் சிப்ரியன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வேதனைப்பட்டவர்களின் பரிந்துரைக்கு மதிப்புண்டு, ஆனால் தீர்ப்பு ஆயர்களுடையது என்றார். தர்க்கம் சரி. ஆனால் அவர் அதை எழுதியது ஒளிந்திருந்த இடத்திலிருந்து. உத்தரவு வந்ததுமே அவர் தலைமறைவாகியிருந்தார். ரோமாபுரி ஆயர் ஃபேபியன் அந்த ஜனவரியில்தான் உயிர்விட்டிருந்தார். அங்கிருந்த குருமார்கள், ஓடிப்போன மேய்ப்பனைச் சாடையாகக் குத்தி ஒரு கடிதம் எழுதினார்கள். யார் யாருக்கு எழுதியதென்று தெளிவில்லை, எழுத்தும் தாளுமே சந்தேகமாக இருக்கின்றன, உங்களுடையதுதானா பாருங்கள் என்று சிப்ரியன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே அவர்மேல் ஒரு பிரியமும்.

விழுந்தவர்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு குழந்தை வருகிறது. பெற்றோர் தப்பி ஓட, தாதி அதை அதிகாரிகளிடம் தூக்கிப்போகிறாள். இறைச்சி தின்ன முடியாத வயசு என்பதால் பலியில் மிஞ்சிய திராட்சை மதுவில் நனைத்த ரொட்டியை ஊட்டுகிறார்கள். பின்னால் தாய் அதைத் திருவிருந்துக்குக் கொண்டுவந்தபோது, வாயை இறுக்கி மூடிக்கொள்கிறது. பலவந்தமாகப் புகட்டியதை வாந்தியெடுக்கிறது. தாம் கண்ணால் பார்த்ததாகவே சிப்ரியன் சொல்கிறார். இதைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. அந்தக் குழந்தை என்ன கடன்பட்டது? இங்கே பாவம் குற்றமாக இல்லை, தீட்டாக இருக்கிறது. தீட்டைக் கழிக்கலாம், மன்னிக்க முடியுமா? அவர் இந்தக் கேள்விக்குள் போகவில்லை.

ரோமாபுரியில் நொவேஷியன் மறுகோடிக்குப் போனார். மறுதலித்தவனை மன்னிப்பது கடவுள் ஒருவருக்கே ஆகும், சபைக்கு அந்த உரிமை கிடையாது. சாகும்வரை அவன் அழட்டும். தர்க்கத்தில் ஓட்டையில்லாத நிலை இதுதான் என்று நினைக்கிறேன். அவரைப் பின்பற்றிய சபைகள் நூற்றாண்டுகள் நீடித்தன. 325-ல் நைசியா சங்கமே அவர்களுக்காக ஒரு விதி எழுத வேண்டிவந்தது.

கார்த்தேஜ் சங்கம் 251-ல் கூடியது. சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் தவம் செய்யட்டும், மரணப் படுக்கையில் பார்க்கலாம் என்று முடிவு. சில வருஷங்களுக்குள் அந்தத் தவணையும் சுருங்கியது. அடுத்த உபத்திரவம் வருகிறது என்று தோன்றியதும், தவத்திலிருந்த எல்லோரையுமே சேர்த்துக்கொண்டார்கள். திருவிருந்தின் கிண்ணத்தை மறுத்துவிட்டு எப்படி அவர்களை இரத்தம் சிந்தச் சொல்வது என்பது சொல்லப்பட்ட காரணம். வேதசாஸ்திரம் செய்யாததை அவசரம் செய்தது என்று சொன்னால் விசுவாசிகள் கோபிக்கலாம்.

வலேரியன் காலத்தில், 258-ல், சிப்ரியனை யூட்டிகா நகரத்துக்குக் கொண்டுபோக ஆள் வந்தது. மறுபடியும் ஒளிந்துகொண்டார். கார்த்தேஜ் ஆயர் கார்த்தேஜில்தான், தன் ஜனங்கள் நடுவில்தான் சாக வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதிபதி ஊர் திரும்பியதும் தம் தோட்டத்தில் வந்து இருந்தார். செப்டம்பர் 14-ந் தேதி தலை வெட்டப்பட்டது. அதற்கு முன்னால், வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கும்படி தம் ஆட்களிடம் சொன்னார்.