நெக்ரோனொமிகான்: பகுதியும் விகுதியும்

எச். பி. லவ்கிராஃப்ட் தம் கதைகளுக்காகக் கற்பனையில் உருவாக்கிய மாந்திரீக நூலின் பெயர் நெக்ரோனொமிகான். 1922இல் எழுதிய ‘தி ஹவுண்ட்’ கதையில் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. பெயர் கனவில் வந்தது என்றார் அவர். பொருளை வெகுகாலம் கழித்து, 1937இல் தம் கடைசி நாட்களில் எழுதிய ஒரு கடிதத்தில் விளக்கினார்: நெக்ரோஸ் பிணம், நோமோஸ் சட்டம், ஐகோன் உருவம். ஆக, செத்தவர்களின் சட்டத்தைக் காட்டும் உருவம்.

கிரேக்க இலக்கணம் இதற்கு இடம் தராது. முதல் துண்டில் வழக்கில்லை. திசு செத்துப்போவதை மருத்துவர்கள் நெக்ரோசிஸ் என்பதும் இந்த வேரிலிருந்துதான். கடைசித் துண்டில்தான் அவர் சறுக்கினார். ‘இகோன்’ என்பது ‘தொடர்பானது’ என்று பொருள்படும் விகுதி மட்டுமே. நடுவிலுள்ள ‘நோம்’ பங்கிடுதலையும் ஒழுங்குபடுத்துதலையும் குறிக்கும் வினையடியோடு உறவுடையது. ரோமானியக் கவிஞர் மானிலியுஸ் வான்கோள்களைப் பற்றி எழுதிய ‘அஸ்ட்ரோனோமிகா’வும் இதே வார்ப்புதான். இயற்பியல், விலங்கியல் என்கிறோமே, அந்த வரிசையில் வைத்தால் இது ‘இறந்தோரியல்’.

பிரித்துப் பார்த்தால் பாடநூல் தலைப்பு. எனக்கு இந்தப் பொருள்தான் கூடுதல் அச்சம் தருகிறது. 1929இல் வெளிவந்த ‘தி டன்விச் ஹாரர்’ கதையில் வில்பர் வேட்லி பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து கேட்பது ஒரு பக்கத்தை. அவனிடமுள்ள ஆங்கிலப் பிரதி சிதைந்தது; அதன் 751ஆம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய பகுதியை லத்தீன் பிரதியில் தேடுகிறான். உலகத்தின் கதவைத் திறக்கும் மந்திரத்துக்குப் பக்க எண் இருக்கிறது! நூலகர் ஆர்மிட்டேஜ் தர மறுக்கிறார். இரவில் திருட வந்த வில்பரைக் காவல்நாய் கடித்துக் கொல்கிறது. பிறகு, அவன் வீட்டில் அடைத்து வளர்த்த, கண்ணுக்குத் தெரியாத இரட்டைச் சகோதரன் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறி, ஊரில் மாடுகளையும் மனிதர்களையும் அழிக்கிறான்.

நூலை எழுதியவன் அப்துல் அல்ஹஸ்ரத் என்பது கதை. அப்துல் ரகுமான் என்ற பெயரில் ‘அல்’ என்னும் சுட்டு ‘உல்’ என ஒருமுறை வந்தால் போதும். இங்கே ‘அல்’ இரண்டாம் முறையும் ஒட்டியிருக்கிறது. லவ்கிராஃப்ட் ஐந்து வயதில், அராபிய இரவுக் கதைகளில் மயங்கித் தமக்கே சூட்டிக்கொண்ட பெயர் அது. பிள்ளை வைத்த பெயருக்கு இலக்கணம் பார்க்க மனம் வரவில்லை.

அந்த நூலுக்கு அரபியில் வேறொரு பெயர்: ‘அல் அஸீஃப்’. பெக்ஃபோர்டின் ‘வாத்தெக்’ நாவலுக்கு ஹென்லி எழுதிய குறிப்புகளில் லவ்கிராஃப்ட் கண்டெடுத்த சொல் அது. இராப்பூச்சிகளின் இரைச்சல் என்று பொருள். பாலைவனத்தில் ஜின்கள் எழுப்பும் ஓசையையும் அரபியர் அப்படியே சொல்வர். விளக்கணைத்த பிறகு சில்வண்டுச் சத்தம் காதுக்குள் ஏறிக்கொண்டே போவதைக் கேட்டுப் படுத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயருக்கு உரை தேவையில்லை. கிரேக்கத்தில் பெயர்த்தவன் ஓசையை எடுத்துவிட்டு இயலை வைத்தான் என்கிறது லவ்கிராஃப்டின் கற்பனை வரலாறு.

ஆனால் ஓசை டன்விச் கதையில் திரும்பி வருகிறது. சாகிறவர்களின் உயிரைப் பிடிக்கப் பக்கி இனத்து இராப்பறவைகள் கூடிக் கத்தும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நூலகத் தரையில் வில்பரின் மூச்சு நின்ற கணத்தில், வெளியே கத்திக்கொண்டிருந்த அவை சட்டென்று வாயடைத்துச் சிறகடித்து ஓடுகின்றன.