மீத்தேனைத் தின்னும் ‘வெள்ளரிக்காய்’: புனே ஆய்வகத்தில் வளரும் பாக்டீரியா என்ன செய்யும்?

தண்ணீர் கட்டிய நெல் வயலில் எப்போதாவது இறங்கி நடந்திருக்கிறீர்களா? சேற்றில் கால் அழுந்தும்போது குமிழ் குமிழாகக் கிளம்பும். அந்தக் குமிழில் கணிசமான பங்கு மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும், குழாய் வழியே வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயுவில் இருப்பதும் இதே வாயுதான்.

நெல் வயல் மீத்தேனை வெளியிடுகிறது என்ற செய்தியை நீங்கள் நிறைய பார்த்திருப்பீர்கள். அதே வயலில், அதே சேற்றில், அந்த மீத்தேனையே சாப்பிட்டு வாழும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவற்றுக்குப் பெயர் மீத்தேனோட்ரோஃப். முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1906இல், நெதர்லாந்தில். ஆனால் இந்திய வயல்களில் இருக்கும் இனங்களை ஆய்வகத்தில் வளர்த்து, பெயர் வைத்து, சேமித்து வைக்கும் வேலை இங்கே சூடுபிடித்தது சமீபத்தில்தான். அதில் முக்கியமான பெயர் மோனாலி ரஹால்கர். புனேயில் இருக்கும் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி. இது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வரும் தன்னாட்சி நிறுவனம்.

இதில் நமக்கு என்ன?

தொழிற்புரட்சிக்குப் பிறகு பூமி சூடானதில் சுமார் 30 சதவீதத்துக்கு மீத்தேன் காரணம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நல்ல செய்தி, இது காற்றில் 10 முதல் 12 ஆண்டுகள்தான் தங்கும். இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனை 2030க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதிமொழி எடுத்தன. இந்தியா சேரவில்லை. காரணம் எளிது. நம் மீத்தேனில் சுமார் நான்கில் மூன்று பங்கு விவசாயத்திலிருந்து, அதாவது மாட்டின் வயிற்றிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருகிறது. எண்ணெய்க் குழாயில் ஓட்டையை அடைப்பதும், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய் சாகுபடியை மாற்றச் சொல்வதும் ஒன்றல்ல. இந்த வாதத்தை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ‘இந்தியா தப்பிக்கப் பார்க்குது’ என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. விளைச்சலைத் தொடாமல் மீத்தேனை மட்டும் குறைக்க வழி இருக்கிறதா என்ற கேள்வியில்தான் இந்த பாக்டீரியாக்கள் உள்ளே வருகின்றன.

வயலுக்குள் நடக்கும் போட்டி

தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்கள் அழுகும் பொருட்களிலிருந்து மீத்தேனை உற்பத்தி செய்யும். அது வெளியே போக முக்கிய வழி நெற்பயிரேதான். தண்ணீருக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போக, பயிரின் உள்ளே குழாய் போன்ற வெற்றிடங்கள் உண்டு. காற்று கீழே இறங்கும் அதே பாதையில் மீத்தேன் மேலே ஏறிவிடும்.

இறங்கும் ஆக்சிஜனில் கொஞ்சம் வேரைச் சுற்றிக் கசியும். அந்த மெல்லிய அடுக்கில்தான் மீத்தேனும் ஆக்சிஜனும் சந்திக்கின்றன. மீத்தேன் உண்ணிகள் குடியிருப்பது அங்கேதான். அவை இல்லையென்றால் வயலிலிருந்து வெளியேறும் அளவு இன்னும் அதிகமாக இருக்கும்.

எப்படிச் சாப்பிடுகின்றன?

மீத்தேன் பார்க்க எளிய மூலக்கூறு. ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிணைப்பு மகா முரடு. தொழிற்சாலையில் இதை மெத்தனாலாக்க, முதல் கட்டத்திலேயே 800 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். பாக்டீரியா அதையே 30 டிகிரியில், சத்தமில்லாமல் செய்கிறது. கையில் இருப்பது மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்ற நொதி. பெரும்பாலான இனங்களில் இந்த நொதி வேலை செய்ய தாமிரம் வேண்டும். அந்தத் தாமிரம் நொதிக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறது என்பதை வைத்து விஞ்ஞானிகள் நீண்ட காலமாகச் சண்டை போடுகிறார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஏமி ரோசன்ஸ்வைக் குழு 2005இல் நொதியின் வடிவத்தை வெளியிட்டது. அதற்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை.

மீத்தேன் மெத்தனாலாகிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகிறது. ஆமாம், ஆய்வகத்தில் உடலைப் பதப்படுத்தும் அதே நச்சுப் பொருள். இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஃபார்மேட்டாகி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். அதில் கிடைப்பது ஆற்றல். இன்னொரு பங்கு சர்க்கரை மூலக்கூறுகளோடு சேர்ந்து பாக்டீரியாவின் உடலாகவே மாறிவிடும்.

இரண்டாவது படியில் ஒரு சுவாரஸ்யமான கதை. இத்தாலியின் ஒரு எரிமலைச் சேற்றுக் குழியில் கிடைத்த மீத்தேன் உண்ணி, அந்தக் குழித் தண்ணீரைக் கொஞ்சம் கலந்தால்தான் வளர்ந்தது. ஏன் என்று தேடியவர்கள் 2014இல் கண்டுபிடித்த பதில்: லாந்தனம், சீரியம் போன்ற அரிய மண் தனிமங்கள். அதுவரை எந்த உயிருக்கும் இவை தேவை என்றே யாரும் நினைக்கவில்லை.

‘கடைசியில் கார்பன் டை ஆக்சைடுதானே வருது, என்ன லாபம்?’ என்று கேட்பீர்கள். கணக்குப் போடலாம். ஒரு கிலோ மீத்தேன் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். விட்டுவிட்டால் அது 80 கிலோவுக்குச் சமம். 80 எங்கே, 2.75 எங்கே!

கூப்பிட்டால் வராத பாக்டீரியா

இவற்றை வளர்ப்பது தலைவலி. சாதாரண ஊடகத்தில் போட்டால் மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். மூடிய பாட்டிலில் உப்புக் கரைசல், மேலே மீத்தேனும் காற்றும், பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. ரஹால்கர் ஜெர்மனியில் ஆய்வு செய்தபோது கான்ஸ்டன்ஸ் ஏரியின் வண்டலிலிருந்து ஒரு புதிய இனத்தைப் பிரித்தெடுத்தார். 2007இல் அதற்கு வைத்த பெயர் மீத்தைலோசோமா டிஃபிசிலே. டிஃபிசிலே என்றால் ‘கடினமானது’. பெயரிலேயே பெருமூச்சு கேட்கிறது.

புனேயில் அவர் குழு 45 மீத்தேன் உண்ணி வகைகளைப் பிரித்து வளர்த்திருப்பதாக 2020இல் தகவல் வெளியானது. அவற்றில் நட்சத்திரம், நெல் வயலில் கிடைத்த மீத்தைலோகுகூமிஸ் ஒரைசே. வெளிர் இளஞ்சிவப்பு நிறம், பாக்டீரியா உலகில் பெரிய உடல், நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசல் வெள்ளரிக்காய். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். புனே நகருக்குள் இருக்கும் வேதாள் டெக்டி குன்றின் கல்குவாரி நீரிலும் இது பின்னர் கிடைத்தது. ஆனால் வெயிலுக்கு ஆகாது, 37 டிகிரியைத் தாண்டினால் வளராது. மாட்டுச் சாணத்திலும் சாண எரிவாயுக் கழிவிலும் அதே குழு கண்ட மீத்தைலோகால்டம் இனத்துக்கோ சூடு ஒரு பிரச்னையே இல்லை.

மேற்கு இந்தியாவில் பிரபலமான இந்திராயணி நெல்லில் சில வகைகளைக் கலந்து பார்த்தபோது மீத்தேன் வெளியேற்றம் குறைந்தது. பயிர் வளர்ச்சி கூடியது, அல்லது பாதிக்கப்படவில்லை என்கிறது குழு.

அப்போ பிரச்னை முடிந்ததா?

இல்லை. தொட்டிச் செடி வேறு, வயல் வேறு. ஏற்கெனவே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும் மண்ணில் புதிதாக ஊற்றியது நிலைக்குமா என்பதுதான் எல்லா உயிர் உரங்களுக்கும் உள்ள கேள்வி. யூரியாவும் குறுக்கே வரும். அதிலிருந்து வரும் அம்மோனியாவை நொதி மீத்தேன் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம், நைட்ரஜன் சுத்தமாக இல்லாவிட்டாலும் பாக்டீரியா வளராது.

‘காற்றிலிருந்தே மீத்தேனை உறிஞ்சலாமே’ என்ற தலைப்புச் செய்திகளையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காற்றில் மீத்தேன் 10 லட்சத்தில் சுமார் 1.9 பங்குதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மேரி லிட்ஸ்ட்ரோம் குழு 2023இல் சொன்ன பாக்டீரியா நன்றாக வளர்வது 500 பங்கு அளவில். அது குப்பைக்கிடங்கு, மாட்டுக்கொட்டகை ஓரங்களுக்குப் பொருந்தும், வெட்டவெளிக்கு அல்ல.

வயலில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், விட்டு விட்டுப் பாய்ச்சுவது. தமிழ்நாட்டு விவசாயிகள் இதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். மண் காயும்போது ஆக்சிஜன் உள்ளே போகும், மீத்தேன் உற்பத்தியாளர்கள் ஒடுங்குவார்கள், உண்ணிகளுக்கு விருந்து. மீத்தேன் பாதியளவுகூடக் குறையலாம். ஆனால் நினைத்த நேரத்தில் தண்ணீரை வடிக்கவும் திரும்ப நிரப்பவும் வசதி வேண்டும். தாழ்வான நிலத்தில், மழைக்காலத்தில், வடிகால் இல்லாத வயலில் அது நடக்காது. பாட்டிலில் வளரும் வெள்ளரிக்காய்க்கு வேலை இருக்கிறது என்றால், முதலில் அந்த வயல்களில்தான்.