மருந்தக மேலாண்மை

மருந்தக மேலாண்மை என்பது மருந்துகளைக் கொள்முதல் செய்தல், இருப்பு வைத்தல், வழங்குதல், கணக்குப் பேணுதல் ஆகியவற்றைப் பொறுப்பேற்று நடத்தும் பணியாகும்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகச் சேர்பவர் பதவி உயர்வு பெற்றுத் தலைமை மருந்தாளுநர் ஆகலாம். 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்குகளிலிருந்து மருந்துகள் பெறப்படுகின்றன. முதலில் காலாவதியாகும் மருந்தை முதலில் வழங்குவது கிடங்கின் அடிப்படை விதி.

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இப்பணியின் முக்கியத்துவத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மருத்துவர் சௌரி முத்து 1928 இல் காசநோயாளிகளுக்காக இதைத் தொடங்கினார். 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கிய 8 அரசு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. இம்மருந்துகளை வாழ்நாள் முழுதும் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். இடைவெளி விழுந்தால் வைரசு மருந்துக்குக் கட்டுப்படாத நிலையை அடையக்கூடும். ஆகவே, கிடங்கில் இருப்பு தீர்வது வெறும் கணக்குப் பிழையன்று. இருப்பு குறையுமுன் மேலிடத்திற்குத் தெரிவிப்பது மருந்தாளுநரின் கடமை. நோயாளி கொண்டுவரும் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, அவர் மருந்தைத் தவறவிட்டிருக்கிறாரா என்று கண்டறிவதும் அவர் வேலைதான்.

தனியார் மருந்துக் கடைகளில் மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்துகளைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் வழங்கலாம். காசநோய் மருந்துகள் 2014 முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.